சட்டைப்பையில் ஒரு சுவர்

தீக்குச்சியும் பல்குத்தும் குச்சியும் சேர்ந்து அடங்குகிற மாதிரி, சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு டப்பி வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் சொல்வது 'சின்னதாக இருக்கணும்' என்பதைத்தான். கடைசல் தொழிலில் இருக்கும் எங்களுக்கும் அது காதுக்கு இதமான சொல். சின்னது என்றால் உலோகம் குறைவு, லேத்தில் ஆகும் நேரமும் குறைவு. ஆனால் அளவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருளை அதற்குள் திணிக்கும் டப்பிகள் பெரும்பாலும் உருப்படுவதில்லை. ஒரே குழாயில் இரண்டு வகைக் குச்சியும் கலந்து கிடக்கும். மூடிக்குள் உரசுத்தாள் ஒட்டியிருக்கும். ஒரு குச்சியை எடுக்கக் கவிழ்த்தால் ஏழு குச்சி கையில் கொட்டும். இந்த டப்பியின் வேலை அடக்குவது அல்ல, பிரிப்பது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. குச்சியின் மருந்தைப் பெட்டியின் மருந்திலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டையும் ஈரத்திலிருந்து பிரிக்க வேண்டும். வாய்க்குள் போகும் பொருளை இவை எல்லாவற்றிலிருந்தும் பிரிக்க வேண்டும். இந்தச் சுவர்களை வரைந்து முடித்தபின் என்ன அளவு வருகிறதோ அதுதான் டப்பியின் அளவு.

வரலாறும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் ஜான் வாக்கர் 1827-ல் உரசித் தீப்பற்றும் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1830களில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்ந்த குச்சிகள் பரவின. அவை எதில் உரசினாலும் பற்றிக்கொண்டன. சட்டைப்பையில் ஒன்றோடொன்று உரசியும் பற்றிக்கொண்டன. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெள்ளியிலும் பித்தளையிலும் விரல் நீளச் சிறு டப்பிகள் ஏராளமாக வந்தன. கீல் வைத்த மூடி, அடிப்பக்கத்தில் உரசுவதற்கு வரிவரியாகச் சொரசொரப்பு, கடிகாரச் சங்கிலியில் மாட்ட ஒரு வளையம். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அவற்றின் பூவேலையைப் பார்த்து விலை கொடுக்கிறார்கள். செய்தவர் மனதில் முதலில் இருந்ததோ பூவேலை அல்ல, சட்டை எரியாமல் இருப்பதுதான். பிறகு சுவீடனில் வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-ல் ஒரு வழி கண்டார். எரியூட்டும் மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதியைக் குச்சியின் தலையிலும் பாதியைப் பெட்டியின் பக்கத்திலும் வைப்பது. யான்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார்கள். தொழிலாளர்களின் தாடை எலும்பையே அரித்த வெள்ளைப் பாஸ்பரஸுக்கு 1906-ல் பெர்ன் ஒப்பந்தமும், இந்தியாவில் 1913-ல் தனிச் சட்டமும் முடிவு கட்டின. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கியது இந்தப் பிரிக்கப்பட்ட, பாதுகாப்பான குச்சியைத்தான்.

பாதுகாப்புத் தீக்குச்சி தானாகப் பற்றாது, அப்புறம் தனி டப்பி எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கான பதிலில்தான் மொத்த வடிவமைப்பும் அடங்கியிருக்கிறது. பாதுகாப்பு குச்சியில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை முதலியவை. பெட்டியின் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ், ஆண்டிமனி சல்ஃபைடு, அரைத்த கண்ணாடி. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் சாது. குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் தூளாகக் கலந்துவிட்டால் லேசான உரசலே போதும், வெடிக்கும். தீபாவளிக்குக் குழந்தைகள் துப்பாக்கியில் வைத்துச் சுடுகிற பொட்டில் இருப்பது இந்தச் சேர்க்கைதான். தீப்பெட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். தலைகள் எல்லாம் அடிப்பெட்டிக்குள். பக்க மருந்து மேல்பெட்டியின் வெளியே. நடுவில் இரண்டு அட்டைச் சுவர். மூடித் திறக்கும்போது உள்ளே இருக்கும் தலை வெளியே இருக்கும் மருந்தைத் தொடவே வழியில்லை. ஒரு துண்டு அட்டையில் இதைவிடக் கச்சிதமாக ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்துவிட முடியாது. குச்சியை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து வேறொன்றில் போடும் நிமிடத்தில், அந்த அட்டைச் சுவர்கள் செய்துவந்த வேலை முழுவதும் நம் டப்பியின் தலையில் வந்து விழுகிறது.

அப்படியிருக்க, இடம் மிச்சம் என்று உரசுத்தாளை வட்டமாக வெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைக்கிறார்கள் பலர். தாள் ஈரத்திலிருந்து தப்பிக்கும் என்பது உண்மை. ஆனால் நடக்கும்போது குச்சிகள் மேலும் கீழும் குதிக்கின்றன. தலைகள் தாளில் முட்டுகின்றன. இரண்டின் தூளும் ஒரே இடத்தில் சேர்கிறது. மூடி மரை வைத்ததாக இருந்தால் அந்தத் தூள் மரைப் பற்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு தடவை திருகும்போதும் அரைபடுகிறது. அட்டைத் தீக்குச்சி மடிப்பின் கதையே இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் ஜோஷுவா பியூசி 1892-ல் காப்புரிமை பெற்ற மடிப்பில் உரசும் பட்டை உள்ளே, குச்சிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை வாங்கிய டயமண்ட் மேட்ச் நிறுவனம் பட்டையை வெளிப்புறத்துக்கு மாற்றியது. 1970களில் அந்நாட்டு விதிகள் அதைப் பின்பக்கத்துக்கே தள்ளிவிட்டன. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பட்டை ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது: தலைகளைவிட்டு அப்பால். எனவே உரசுத்தாளின் இடம் டப்பியின் வெளிமுகம். அதிலும் குச்சி அறையின் வாயிலிருந்து மிகத் தொலைவான மூலை. அங்கே முகத்தை 1 மில்லிமீட்டர் அளவுக்குக் குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் தாளை ஒட்டினால் துணியிலும் சாவியிலும் அது உரசாது.

அடுத்தது ஈரம். நம் ஊரில் சட்டைப்பை என்பது மழைக்காலத்தில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் ஈரமான இடம், வியர்வை போதும். குச்சி மருந்தைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தில் இளகும். தலை உரசும்போது பற்றாமல் பிய்ந்து வரும். ஆகவே காற்றுப் புகாத மூடி வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதனால் அடைப்பது என்பதில்தான் வேறுபாடு. இறுக்கமான மரை மூடியைவிட, கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டு மேலே அழுத்தி மாட்டும் மூடியே மேல் என்பேன். தூள் அரைபடும் சிக்கலை முன்பே சொன்னேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூடியைப் போட்டு அடைத்தால் நெருப்பு மூச்சுமுட்டி அணைந்துவிடும் என்கிற கணக்கு இங்கே செல்லாது. குளோரேட் தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருகிறது. ஏதோ ஒரு காரணத்தால் உள்ளே ஒரு தலை பற்றினால் மற்றவையும் பற்றும், வாயு விரியும். மரை மூடி விடாப்பிடியாக நிற்கும். அழுத்து மூடி 'டப்' என்று கழன்றுகொள்ளும். இரண்டில் எது சட்டைப்பைக்கு ஏற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூடி தானாகக் கழன்று விழக் கூடாது. உள்ளே அழுத்தம் வந்தால் கழலவும் வேண்டும். ஓ-ரிங் உட்காரும் காடியின் ஆழத்தில் இருக்கிறது இந்த நடுநிலை. காடி ஆழமானால் மூடி தொளதொளக்கும். மேலோட்டமாக இருந்தால் ரப்பர் பிதுங்கி அறுபடும்.

இனி பல்குத்தி. இங்கே ஒரு பழைய முன்னோடி நமக்கு இருக்கிறது: வெற்றிலைப் பெட்டி. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து இருக்கும். சுண்ணாம்புக்கு மட்டும் தனிக் கரண்டகம், அதற்கு இறுகிய மூடி. எல்லாமே ஒரே வாய்க்குத்தான் போகிறது. ஆனாலும் சுண்ணாம்பு மற்றதைத் தொட்டால் இலை கருகும், அளவு மிஞ்சினால் நாக்கு வெந்துவிடும். பெட்டி செய்த கன்னாருக்கு இது தெரிந்திருந்தது. தீக்குச்சியும் பல்குத்தியும் சேர்ந்த டப்பியில் இந்தப் பிரிவு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். குச்சி மருந்தின் துகளும் கண்ணாடித் தூளும் ஈறுக்குப் போக வேண்டிய பொருள்கள் அல்ல. ஒரே மூடியின் கீழ் இரண்டு துளை என்பதுகூடப் போதாது. தூள் மூடியின் உள்ளே தாவித் தாவி அடுத்த அறைக்குப் போய்ச் சேரும். அறைக்கு ஒரு மூடி வேண்டும். விளக்கேற்றும்போது பல்குத்தி அறை திறக்கவே கூடாது.

எந்த உலோகம் என்பதும் இந்தப் பிரிவிலிருந்தே முடிவாகிறது. பித்தளை கடைவதற்குச் சுகமானது, பார்வைக்கும் லட்சணம். ஆனால் ஈரமான மரம் பட்டுக்கொண்டே இருந்தால் பித்தளையில் களிம்பு ஏறும். அதற்காகத்தான் நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். பல்குத்தி அறையின் 8 மில்லிமீட்டர் துளைக்குள் ஈயம் பூசுவதும், தேய்ந்தபின் மறுபடி பூசுவதும் நடைமுறைக்கு ஒத்துவராது. எடையும் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாய்க்கு நல்லது. ஆனால் விட்டத்தைப் போல ஏழு மடங்கு ஆழத்துக்கு அதில் துளை போடும்போது சீவல் வெளியே வராமல் டிரில்லைக் கடிக்கும். வேலை நேரம் ஏறும். அலுமினியத்தில் துளைத்து, அனடைசிங் செய்து மேற்பரப்பைக் கெட்டியாக்குவதே நியாயமான நடுவழி. ஒரே நிபந்தனை: துளைத்தபின் பிசிறும் சீவலும் துளியும் மிஞ்சக் கூடாது. பல்குத்தி அறையில் மிஞ்சிய பிசிறு ஈறில் ஏறும். தீக்குச்சி அறையிலோ விஷயம் இன்னும் விபரீதம். நுண்ணிய அலுமினியத் தூளும் குளோரேட்டும் பட்டாசுக்காரர்கள் நன்றாக அறிந்த ஜோடி. கட்டியாக இருக்கும் அலுமினியம் ஒன்றும் செய்யாது. தூளாகக் கிடக்கும் அலுமினியத்தை அப்படி நம்ப முடியாது. ரீமர் விட்டு, கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் திருகி எடுத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும்.

இப்போது அளவுக்கு வரலாம். சாதாரணத் தீக்குச்சி 42 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் உருண்டைப் பல்குத்தி 65 மில்லிமீட்டர். தீக்குச்சியின் கட்டை 2 மில்லிமீட்டர்தான், ஆனால் தலை 3 மில்லிமீட்டர் இருக்கும். அறையில் எத்தனை அடங்கும் என்பதைத் தலைதான் முடிவு செய்கிறது. 12 மில்லிமீட்டர் துளையில் பத்துப் பதினொரு குச்சி நிற்கும். பல்குத்திக்கு 8 மில்லிமீட்டர் துளையே அதே எண்ணிக்கையைத் தாங்கும். பாதிக் குச்சியைத் தலைகீழாகச் செருகினால் இன்னும் அடங்குமே என்பார்கள். அடங்கும், ஆனால் ஒன்றை உருவும்போது அதன் தலை மற்ற கட்டைகளை வழி நெடுகத் தேய்த்துக்கொண்டு வரும், மருந்து உதிரும். எல்லாத் தலையும் கீழே நோக்கியே இருக்க வேண்டும். விரல் கட்டையை மட்டும் தொடும், வியர்வை மருந்தில் படாது. வெளியே பொறி தெறித்தாலும் அறையின் வாயில் இருப்பது வெறும் மரம். பல்குத்திக்கும் இதே சட்டம்தான். ஜப்பானில் பழக்கத்தில் உள்ள, ஒரு முனை கூராகவும் மறுமுனை வரி கடைந்ததாகவும் இருக்கும் குச்சியைப் போட்டால் கூர் கீழே, வரி மேலே. வேலை செய்யும் முனை அறைக்குள், விரல் படும் முனை வெளியே. இதற்காக அறையின் ஆழம் குச்சியைவிட 6 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்: தீக்குச்சிக்கு 36, பல்குத்திக்கு 59. மிச்சம் 6 மில்லிமீட்டரை மேலே கிண்ணம் போன்ற மூடி வாங்கிக்கொள்ளும். கவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை. இரண்டு விரலால் ஒன்றைப் பிடித்து உருவலாம். தீக்குச்சி அறையின் அடியில் தக்கை வில்லை ஒன்று போட்டால் டப்பி கீழே விழும்போது தலைகள் உலோகத்தில் மோதாது.

இரண்டு அறையும் ஒரே பக்கம் வாய் திறப்பவை என்றால், 59-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் தீக்குச்சி அறைக்குக் கீழே 23 மில்லிமீட்டர் கெட்டி உலோகமாக நிற்கும். நீளம் ஒத்துவரவில்லை என்று வரைபவர்கள் அலுத்துக்கொள்வது இந்த இடத்தைப் பார்த்துத்தான். எனக்கு இதுதான் டப்பியிலேயே நல்ல இடம். உரசுத்தாளுக்கான பள்ளத்தை இங்கே வெட்டினால் எந்த அறையின் சுவரும் மெலியாது; இரண்டு வாய்க்கும் மிகத் தொலைவான இடமும் இதுதான். அறைகளை எதிரெதிர்ப் பக்கமாகத் திறக்கச் செய்திருந்தால் பல்குத்தியின் வாய் உரசுத்தாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வெறுந் தீப்பெட்டியின் பக்க அட்டையை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். குச்சியைப் பற்றவைக்க 20 மில்லிமீட்டர் ஓட்டம் போதும். கழுத்தும் மூடியும் சுவரும் எல்லாம் கூட்டினால் அகலம் 30, பருமன் 17, உயரம் 75 மில்லிமீட்டருக்கு அருகில் வந்து நிற்கிறது. இந்த அளவை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பிரிவுகள் கேட்ட இடத்தைக் கொடுத்தபின் மிஞ்சிய அளவு இது. இதைவிடச் சின்னதாக ஒருவர் செய்து காட்டினால், மேலே சொன்ன சுவர்களில் எதை எடுத்துவிட்டார் என்று பாருங்கள், ஒன்றாவது குறைந்திருக்கும்.

இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி இருக்க இது எதற்கு என்பது முதல் ஆட்சேபம். நியாயமானதுதான். 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்று 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயான அந்த அட்டைப் பெட்டியை, உலர்ந்த சமையலறை மேடையில் எந்த டப்பியும் ஜெயிக்காது; ஜெயிக்க முயலவும் வேண்டாம். மலையேறுபவர், வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர், கோயிலுக்கு விளக்கேற்ற நடப்பவர் ஆகியோரின் சட்டைப்பையில்தான் அட்டை நசுங்குகிறது, நனைகிறது. டப்பி அவர்களுக்கு. லைட்டர் இருக்கிறதே என்பது இரண்டாவது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023-ல் தடை செய்ததை நான் வாதமாக எடுக்கவில்லை. விலை மாறும், சட்டமும் மாறும். மாறாதது சுடரின் குணம்: அது மேல்நோக்கித்தான் போகும். குத்துவிளக்கின் திரிக்கோ தட்டில் இருக்கும் கற்பூரத்துக்கோ லைட்டரைச் சாய்த்துப் பிடித்தால் சுடர் கட்டைவிரலைத் தேடி வரும். குச்சியை எந்தக் கோணத்திலும் நீட்டலாம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: இரண்டுக்கும் சுவர் எழுப்பவே இவ்வளவு பாடு என்றால், ஏன் சேர்க்க வேண்டும்? தனித்தனி டப்பியாகச் செய்துவிட்டுப் போகலாமே? பழக்கத்தைப் பாருங்கள். சாப்பிட்டு எழுந்தவுடன் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருக்கிறது, பல்குத்தி கைவசம் இல்லை. கை எங்கே போகிறது? தீப்பெட்டிக்கு. குச்சியை நகத்தால் பிளந்து, மருந்து இல்லாத முனையால் குத்துபவர்களை எந்தச் சாப்பாட்டுக் கடை வாசலிலும் பார்க்கலாம். சிலர் காதுக்கும் அதையே விடுகிறார்கள். பெட்டிக்குள் மற்றக் குச்சிகளின் மருந்துத் தூள் பட்ட கட்டை அது. பிளந்தால் சிம்பு சிம்பாகப் பிரியும் மெல்லிய மரம். தீக்குச்சி பல்குத்தியாகும் வழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, தீக்குச்சிக்குப் பக்கத்திலேயே சுத்தமான பல்குத்தியை வைப்பதுதான் அதை நிறுத்தும் வழி. பல் மருத்துவர்கள் குச்சியே வேண்டாம், நூலால் சுத்தம் செய்யுங்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. நூலுக்கு மாறிவிட்டவருக்கு இந்த டப்பி தேவையில்லை. மாறாதவரின் ஈறுக்குப் பிளந்த தீக்குச்சியைவிடக் கடைந்த பல்குத்தி மேல்.

எரிந்த குச்சியையும் குத்திய குச்சியையும் போட மூன்றாவது அறை ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் இணங்குவதில்லை. அணைந்த குச்சியில் கங்கு தங்கியிருக்கலாம். எச்சில்பட்ட குச்சியைச் சேர்த்துவைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. அவற்றின் இடம் குப்பைத் தொட்டி. இப்படி ஒரு டப்பியை வாங்கவோ செய்யச் சொல்லவோ போகிறவர்கள் கையில் எடுத்ததும் எவ்வளவு சின்னது என்று பார்க்காமல் நான்கைப் பாருங்கள். உரசுத்தாள் மூடிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? மூடி திருகுவதா, அழுத்துவதா? இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி உண்டா? ஒரு குச்சியை எடுக்கும்போது விரல் எந்த முனையைத் தொடுகிறது? இந்த நான்கில் ஒன்று தவறினாலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு ரூபாய்க்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்; அதுவே நல்ல வடிவமைப்பு.